பாட்டாகிப் போன ஒரு குழு

(இசைச் சுவைஞர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடுவதற்குக் கூலி கொடுப்பார்கள் என்று நமக்குத் தெரியும். பாடாமல் இருப்பதற்குக் கூலி கொடுத்த கதையைக் கேட்டிருக்கிறீர்களா? 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் அது நடந்தது. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்றொரு இசைக்குழு, வெர்டிகோ என்ற இசைத்தட்டுக் கம்பெனியோடு பல ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது. இரண்டு வெளிவந்தன. இரண்டும் விற்கவில்லை. மீதியையும் பதிவுசெய்து கையைச் சுட்டுக்கொள்வதைவிட, ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்று கம்பெனி முடிவெடுத்தது. இசைத்தட்டுக் கம்பெனியிடமிருந்து தாங்கள் கண்ட உருப்படியான காசே அதுதான் என்று குழுவினர் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

அந்தக் குழு 1967இல் தொடங்கியது. 2020இல் 'ஷஃபிள் அண்ட் கோ' என்ற புதிய ஆல்பத்தைத் தன் சொந்த லேபிளில் வெளியிட்டது. அந்த ஆல்பத்தைப் பற்றித்தான் என்னைப் பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். ஆனால் 53ஆம் ஆண்டில் வந்த ஒன்றை நேரடியாக எடுத்துப் பேசினால் நியாயமாக இருக்காது. ஆலமரத்தின் புது இலையைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைப் பற்றிப் பேசுவது மாதிரி ஆகிவிடும். முதலில் வேருக்குப் போவோம்.

வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் என்ற பகுதி. அங்கே ஒரு பெரிய வீட்டுக்கு 'ஃபேர்போர்ட்' என்று பெயர். சைமன் நிக்கல் என்ற பையனின் குடும்ப வீடு அது. அவருடைய அப்பா மருத்துவர். அந்த வீட்டு அறையில்தான் பையன்கள் கூடி வாசித்துப் பழகினார்கள். வீட்டுப் பெயரே குழுவுக்குப் பெயராயிற்று. 1967 மே மாதம் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் முதல் கச்சேரி. அப்போது நிக்கலுக்கு வயது 16. பேஸ் கிதார் ஆஷ்லி ஹட்சிங்ஸ். இன்னொரு கிதார் ரிச்சர்ட் தாம்ப்சன். கச்சேரி முடிந்ததும், கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் மேடையருகே வந்து, "உங்கள் டிரம்மரைவிட நான் நன்றாக வாசிப்பேன்" என்ற பொருளில் பேசியிருக்கிறான். வாசித்தும் காட்டினான். அவன்தான் மார்ட்டின் லாம்பிள். வேலை அவனுக்கே கிடைத்தது.

அந்நாளில் இவர்கள் வாசித்ததில் பெரும்பகுதி வட அமெரிக்கச் சரக்கு. டிலன் பாட்டு, ஜோனி மிட்செல் பாட்டு. இங்கிலாந்துப் பையன்கள் அமெரிக்கர்களைப் போலப் பாட முயன்றுகொண்டிருந்தார்கள். 1968இல் சாண்டி டென்னி என்ற பெண் பாட வந்தார். ஃபோக் கிளப்புகளில் கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடிப் பழகிய குரல். பழைய ஆங்கில நாட்டுப்பாடல்கள் அவருக்கு மனப்பாடம். கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்னே உட்கார்ந்து அவர் அவற்றை முணுமுணுக்க, மற்றவர்கள் கிதாரால் அந்தக் குரலைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்படித் தொட்டுப் பார்த்ததில் பிறந்தது 'எ செய்லர்ஸ் லைஃப்' என்ற பதிவு. பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடும். காதலனைத் தேடிக் கடலுக்குப் போகும் பெண்ணின் பாட்டு. டேவ் ஸ்வார்பிரிக் என்ற ஃபிடில் கலைஞர் விருந்தாளியாக வந்து வாசித்தார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, நம் காதுக்கு அது சட்டென்று பிடிபடும். ஆங்கில நாட்டுப்பாடல் என்பது துணை வாத்தியம் இல்லாத தனிக் குரல். ஒற்றை மெட்டு. அதற்கு அடியில் பியானோ பாடம் படித்தவர்கள் மாதிரி கார்டு கார்டாக மாற்றிக்கொண்டு போனால் மெட்டு மூச்சுத் திணறிப்போகும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரே ஆதார சுரத்தை நிறுத்தி வைத்தார்கள், தம்பூரா மாதிரி. அதன் மேல் குரல் நடந்தது, பிறகு கிதாரும் ஃபிடிலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. சுருதிப்பெட்டியோடு வளர்ந்த யாருக்கும் இதில் அந்நியம் தெரியாது.

இந்தப் பதிவு இசைத்தட்டாகக் கடைக்கு வருமுன்பே இடி விழுந்தது. 1969 மே 12. பர்மிங்காமில் கச்சேரி முடித்துவிட்டு இரவில் லண்டன் திரும்பிக்கொண்டிருந்த வேன், எம்1 நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. லாம்பிள் இறந்தார். அவருக்கு வயது 19. தாம்ப்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். வேனில் இருந்த மற்றவர்களுக்குக் காயம்.

குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். கலைக்கவில்லை. ஆனால் பழைய பாட்டுகளை மறுபடி வாசிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவற்றில் லாம்பிளின் கை இருந்தது. அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற சிற்றூரில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். ஸ்வார்பிரிக் முழுநேர உறுப்பினர் ஆனார். டிரம்ஸுக்கு டேவ் மட்டாக்ஸ் வந்தார். நடன அரங்குகளில் ஜோடிகள் ஆடுவதற்கு வாசித்துப் பழகியவர், நாட்டுப்பாடல் பக்கமே போகாதவர். ஹட்சிங்ஸ் லண்டனில் செசில் ஷார்ப் நினைவில்லத்துக்குப் போய்ப் பழைய பாடல் ஏடுகளைக் கிளறத் தொடங்கினார்.

செசில் ஷார்ப் யார் என்று ஒரு வார்த்தை. 1903இல் சாமர்செட் கிராமம் ஒன்றில் தோட்டக்காரர் ஒருவர் வேலை செய்தபடியே பாடியதைக் கேட்டு, உடனே குறித்துக்கொண்டவர். அங்கே தொடங்கி ஆயுள் முழுக்கப் பாட்டுச் சேகரித்தார். கடல் தாண்டி அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்கும் போனார். இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்களின் வழிவந்தோர், தாய்நாடு மறந்துபோன பாட்டுகளை அங்கே வைத்திருந்தார்கள். அவருக்கு முன்பே ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 305 கதைப்பாடல்களை எண் போட்டுத் தொகுத்துவிட்டார். இந்த இரண்டு பேர் விட்டுப்போன பெட்டிகளைத்தான் நீளமுடி வைத்த இந்த இளைஞர்கள் திறந்தார்கள்.

1969 டிசம்பரில் 'லீஜ் அண்ட் லீஃப்' வந்தது. அந்த ஒரே ஆண்டில் அது அவர்களுடைய மூன்றாவது ஆல்பம். அதில் 'மேட்டி க்ரோவ்ஸ்' என்ற பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிரபுவின் மனைவி ஒரு சாதாரண இளைஞன் மீது ஆசைப்பட்டு அவனை அழைத்துப் போகிறாள். வேலைக்காரன் ஓடிப்போய் எசமானிடம் சொல்கிறான். எசமான் வருகிறார். இளைஞனிடம் வாளைக் கொடுத்துச் சண்டையிட்டுக் கொல்கிறார். மனைவியைக் கேட்கிறார். செத்துக் கிடப்பவனே உங்களைவிட மேல் என்கிறாள் அவள். அவளும் சாகிறாள். இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்கிறார் பிரபு, ஆனால் உயர்ந்த குடியில் பிறந்த தன் மனைவியை மேலே வைக்க வேண்டும் என்கிறார். கொலைக்குப் பிறகும் குலப்பெருமை போகவில்லை! நம் கதைப்பாடல்களைக் கேட்டவர்களுக்கு இந்தக் கசப்பு புதிதல்ல.

சைல்டின் பட்டியலில் இதன் எண் 81. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நாடகம் ஒன்றிலேயே இந்தப் பாட்டின் துணுக்கு வருகிறது. ஆனால் ஃபேர்போர்ட் இதற்குப் போட்ட மெட்டு எது? 'ஷேடி க்ரோவ்' என்ற அப்பலாச்சிய மலைப்பாட்டின் மெட்டு. இங்கிலாந்தின் கதை, அமெரிக்க மலையின் மெட்டு, நடன அரங்கு டிரம்ஸ், மின்சாரக் கிதார். பாதியில் பாட்டு நின்று, ஃபிடிலும் கிதாரும் பேயாட்டம் ஆடுகின்றன. மரபைக் கெடுத்துவிட்டார்கள் என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. 2006இல் பிபிசி ரேடியோ 2 நடத்திய ஃபோக் விருதுகளில் நேயர்கள் வாக்களித்து, எக்காலத்துக்கும் அதிகத் தாக்கம் செலுத்திய ஃபோக் ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

சரி, வெற்றி வந்துவிட்டது, இனி நிலைத்து நிற்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஆல்பம் வெளிவரும்போதே ஹட்சிங்ஸ் விலகிவிட்டார். நாட்டுப்பாடலுக்குள் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்று ஸ்டீலை ஸ்பேன் என்ற குழுவைத் தொடங்கினார். சாண்டி டென்னி, சொந்தப் பாட்டுகள் எழுத வேண்டும் என்று விலகினார். 1971 தொடக்கத்தில் தாம்ப்சன் போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் நிக்கலும் போனார், எந்த வீட்டின் பெயரைக் குழு சுமந்துகொண்டிருந்ததோ அந்த வீட்டுப் பிள்ளை. சீக்கிரமே எஞ்சியவர்கள் இரண்டே பேர்: 1969இல் வந்த ஸ்வார்பிரிக், அவருக்கும் பின்னால் வந்த பேஸ் கிதார் கலைஞர் டேவ் பெக்.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறேன். தொடங்கியவர்களில் ஒருவர்கூட இல்லாத குழு, அதே குழுதானா?

சட்டம் தெரிந்தவர் ஒரு பதில் சொல்வார், ரசிகர் இன்னொரு பதில் சொல்வார். நாட்டுப்பாடல் தெரிந்தவரைக் கேளுங்கள். அவருக்கு இது கேள்வியே ஆகாது. மேட்டி க்ரோவ்ஸை முதலில் பாடியவர் யார்? தெரியாது. அவர் பாடிய சொற்களில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? தெரியாது. மெட்டே மாறிவிட்டது. ஆனாலும் அது மேட்டி க்ரோவ்ஸ்தான். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குக் கைமாறும்வரை பாட்டு உயிரோடு இருக்கிறது. ஃபேர்போர்ட் கன்வென்ஷனுக்கு நடந்தது இதுதான் என்பது என் எண்ணம். நாட்டுப்பாடலைப் பாடப் போன குழு, தானே ஒரு நாட்டுப்பாடலாகிவிட்டது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மிச்சமெல்லாம் இதற்குச் சாட்சி.

முதல் சாட்சி, 1971இல் அவர்கள் வெளியிட்ட 'பாபகோம்ப் லீ' என்ற ஆல்பம். ஜான் லீ என்ற வேலைக்காரர்மீது எசமானியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டி, 1885இல் எக்ஸீட்டர் சிறையில் தூக்குமேடையில் ஏற்றினார்கள். காலடிப் பலகை திறக்கவில்லை. இறக்கிச் சோதித்தார்கள், சரியாகத் திறந்தது. மறுபடி நிறுத்தினார்கள், திறக்கவில்லை. மூன்றாம் முறையும் திறக்கவில்லை. தண்டனையைக் குறைத்து ஆயுள் ஆக்கினார்கள். 1907இல் வெளியே வந்தார். இதே மாதிரி ஒரு கதை பின்னாளில் ஸ்வார்பிரிக்குக்கே நடக்கும் என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது. 1999இல் ஒரு பெரிய லண்டன் நாளிதழ், அவர் மருத்துவமனையில் இருந்தபோதே, இறந்துவிட்டதாக இரங்கல் கட்டுரை போட்டுவிட்டது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கட்டுரையின் பிரதிகளில் கையெழுத்துப் போட்டுக் கச்சேரிகளில் விற்றார்! உண்மையில் அவர் காலமானது 2016இல்.

குழுவின் பலகையும் அப்படித்தான். 1978 ஏப்ரலில் சாண்டி டென்னி 31 வயதில் இறந்தார். மின்சார ஒலியின் இரைச்சலில் ஸ்வார்பிரிக்கின் காது கெட்டுக்கொண்டிருந்தது. வெர்டிகோ கம்பெனி கணக்கை முடித்துவிட்டது. 1976இல் திரும்பி வந்திருந்த நிக்கல் உட்பட எல்லோரும் சேர்ந்து, இனிப் போதும் என்று முடிவெடுத்தார்கள். 1979 ஆகஸ்ட் 4, விடைபெறும் நாள். முதலில் நெப்வொர்த் மைதானத்தில், லெட் செப்பெலின் குழுவைப் பார்க்க வந்த பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார்கள். மாலையில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் கிராப்ரெடி என்ற கிராமத்து வயலுக்கு வந்தார்கள். ஒரு கால்வாய், ஒரு சிற்றாறு, ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். பெக் குடியிருந்த ஊர். ஊருக்காக அங்கே ஏற்கெனவே சின்னச் சின்னக் கச்சேரிகள் நடத்தியிருந்தார்கள். அன்று நாலாயிரத்துக்கு மேல் கூட்டம்.

கடைசிக் கச்சேரியின் பதிவை வெளியிட எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. சரி, நாமே போடுவோம் என்று பெக்கும் அவர் மனைவி கிறிஸ்டீனும் வுட்வார்ம் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளைத் தொடங்கினார்கள். வுட்வார்ம் என்றால் மரத்தை அரிக்கும் புழு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பழைய நண்பர்கள் ஒருமுறை கூடி வாசிக்கலாமே என்று அதே கிராமத்தில் கூடினார்கள். அதற்கு அடுத்த ஆண்டும் கூடினார்கள். விடைபெற்ற குழு ஆண்டுதோறும் வந்து விடைபெற்றுக்கொண்டே இருந்தது!

காலப்போக்கில் அது மூன்று நாள் திருவிழா ஆயிற்று. இருபதாயிரம் பேர்வரை வந்தார்கள். நான் 'திருவிழா' என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. ஊர்க்காரர்கள் காலைச் சாப்பாடு சமைத்து விற்று, பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் பணம் சேர்ப்பார்கள். கைக்குழந்தையாக வந்தவர்கள் தங்கள் கைக்குழந்தையோடு வருவார்கள். சனிக்கிழமை இரவு குழுவே கடைசியாக மேடையேறும். தாம்ப்சன் இளவயதில் எழுதிய 'மீட் ஆன் த லெட்ஜ்' பாட்டை மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாட, விழா முடியும்.

சுயமாக நிற்பது என்றால் என்ன என்பதற்கு இங்கே பாடம் இருக்கிறது. சொந்த லேபிள். அதே வட்டாரத்தில் கைவிடப்பட்ட பழைய வழிபாட்டுக் கூடத்தில் சொந்த ஒலிப்பதிவுக்கூடம். குளிர்காலத்தில் சின்னச் சின்ன அரங்குகளில் சுற்றுப்பயணம், கோடையில் விழா. தபாலில் கடிதம் போட்டுச் சேர்த்த ரசிகர் முகவரிப் பட்டியல். இடையில் விளம்பரக்காரர் இல்லை, விற்பனைப் பிரிவு இல்லை. தரவரிசைப் பட்டியலில் இவர்கள் ஒரு பாட்டால்தான் பெயர் சொல்லும்படி ஏறினார்கள்: டிலன் பாட்டு ஒன்றை விளையாட்டாகப் பிரெஞ்சில் பாடியது, 1969இல் 21ஆம் இடம். அதன் பிறகு அரை நூற்றாண்டு ஓடியிருக்கிறார்கள். ஒரு கோடிப் பேர் ஒருமுறை கேட்பதைவிட, இருபதாயிரம் பேர் ஆண்டுதோறும் வருவதுதான் அவர்களுக்குச் சோறு போட்டது.

பாடுபொருளும் அதற்கேற்ப மாறியது. 1985இல் மறுபடி ஸ்டுடியோவுக்குப் போய்ச் செய்த ஆல்பத்தின் பெயர் 'கிளாடிஸ் லீப்'. கிளாடிஸ் என்பவர் குளோஸ்டர்ஷயரில் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரப் பெண்மணி. சுற்றிப் போகாமல் ஓர் ஓடையைத் தாண்டிக் குதித்து வழியைச் சுருக்கிக்கொள்வாராம். அரசாங்க வரைபடத்தில் அந்த இடத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். பிரபுவும் வாளும் இருந்த இடத்துக்குத் தபால்காரர் வந்துவிட்டார். 1644இல் அரசர் படையும் நாடாளுமன்றப் படையும் கிராப்ரெடி பாலத்தில் மோதிக்கொண்டதைப் பற்றி பாடகர் ரால்ஃப் மக்டெல் எழுதிய 'ரெட் அண்ட் கோல்டு' பாட்டும் இவர்கள் கைக்கு வந்தது. தாங்கள் மேடை போடும் ஊரின் கதையையே பாடினார்கள். லேபிளுக்கும் 2004 வாக்கில் 'மேட்டி க்ரூவ்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். க்ரோவ்ஸ் க்ரூவ்ஸ் ஆயிற்று. க்ரூவ் என்றால் இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளம். நானூறு ஆண்டுப் பழைய பாட்டு, கடைசியில் கம்பெனிக்கே பெயராகிவிட்டது.

இப்போது அந்த 2020 ஆல்பத்துக்கு வருவோம். 'ஷஃபிள் அண்ட் கோ'வில் வாசித்தவர்கள் ஐந்து பேர்: நிக்கல், பெக், 1985இல் சேர்ந்த வயலின் கலைஞர் ரிக் சாண்டர்ஸ், 1990களில் வந்த கிறிஸ் லெஸ்லி, டிரம்ஸில் ஜெர்ரி கான்வே. பாட்டுகளில் பெரும்பங்கு லெஸ்லியுடையது. கிராப்ரெடிக்குப் பக்கத்து நகரமான பான்பரியைச் சேர்ந்தவர் அவர். குழுவை நாடி வந்த அந்த மண்ணின் பிள்ளை, இப்போது குழுவுக்குப் பாட்டு எழுதுகிறார்.

ஒளிக்காமல் சொல்கிறேன். 1969இன் ஆபத்து இதில் இல்லை. தாம்ப்சனின் கிதார் கத்தி மாதிரி உள்ளே இறங்கும். டென்னியின் குரலில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கும். இந்த ஆல்பம் அடுப்படித் திண்ணை மாதிரி: சூடு இருக்கிறது, தீ இல்லை. சில பாட்டுகள் இனிமையாக ஓடி, நினைவில் நிற்காமல் போய்விடுகின்றன. அதற்காக இதைப் பழம்பெருமை என்று தள்ளிவிடவும் மாட்டேன். பழம்பெருமையை நம்பியவர்கள் பழைய பாட்டை மட்டும் வாசித்துக் காசு பார்ப்பார்கள். எழுபதை எட்டிய நிலையிலும் புதுப்பாட்டைப் பாடம் பண்ணி, பழைய ரசிகர் முன் வைத்து, பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஆல்பம் வந்து சில வாரங்களில் பெருந்தொற்று உலகை மூடியது. 2020, 2021 இரண்டு ஆண்டும் கிராப்ரெடி வயலில் விழா இல்லை. 1980 முதல் அறுபடாத கயிறு அறுந்தது. 2022இல் மறுபடி கூடினார்கள். கான்வே உடல்நலம் குன்றி விலக (2024இல் அவர் காலமானார்), டிரம்ஸுக்கு யார் வந்து உட்கார்ந்தார் தெரியுமா? 1969 கோடையில் ஃபார்லி சேம்பர்லேனுக்கு வந்த அதே டேவ் மட்டாக்ஸ்.

அந்தக் கோடையோடு இந்த ஆல்பத்துக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இதில் 'மூன்டஸ்ட் அண்ட் சாலிட்யூட்' என்று ஒரு பாட்டு. அப்போலோ 11இல் போன மூவரில், நிலவில் இறங்காத மைக்கேல் காலின்ஸைப் பற்றியது. 1969 ஜூலையில் மற்ற இருவரும் கீழே இறங்கிக் கொடி நட்டபோது, இவர் தாய்க்கலத்தில் தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கம் போகும்போது ஏறக்குறைய 48 நிமிடம், பூமியோடு பேச்சே இல்லை.

இந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்கு நிக்கல் நினைவுக்கு வருகிறார். தாம்ப்சன் உலகம் போற்றும் கலைஞரானார். டென்னி காவியமானார். ஹட்சிங்ஸ் புதுப்புதுக் குழுக்களை உண்டாக்கினார். நிக்கல் ரிதம் கிதார்க்காரர். முன்வரிசை வெளிச்சம் அவர்மீது அதிகம் விழுந்ததில்லை. அவரும் ஒருமுறை இறங்கிப் போனவர்தான், அப்போது பெக்கும் ஸ்வார்பிரிக்கும் கலத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு இவர் வந்து உட்கார்ந்தார். அந்த இருக்கையும் கைமாறி வந்ததுதான்.

இன்றும் சில ஆகஸ்ட் இரவுகளில் தாம்ப்சன் அந்தக் கிராமத்து மேடைக்கு வருகிறார். தான் எழுதிய பாட்டை, தன்னை அறிந்தவர்கள் நடுவே நின்று பாடிவிட்டுப் போகிறார். நிலவுக்குப் போனவர் வீடு திரும்ப முடிகிறது. மேலே ஒரு கலம் சுற்றிக்கொண்டே இருந்ததால்தான் அது முடிகிறது.